முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சால்வை

என் பெறாமகளுக்கு நவம்பர் 18இல் பிள்ளை பிறக்கும் என்று வைத்தியர் நாள் குறித்திருந்தார். அப்படியானால் முப்பத்தோராம் நாள் டிசெம்பர் 18. துடக்குக் கழிந்து, உறவினர் எல்லோரும் வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்க்கும் அந்த நாளில், என் கையால் பின்னிய லேஸ் சால்வையில் பிள்ளையைச் சுற்றிக் கொடுக்கவேண்டும் என்று செப்டெம்பர் கடைசியில் ஓர் இரவு நானாகவே முடிவெடுத்தேன். என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை, நானும் யாருக்கும் சொல்லவில்லை. அதுவரை நான் பின்னியிருந்தவை நாலைந்து தொப்பிகளும், கழுத்துத் துண்டுகளும், குதிக்கால் சரியாக அமையாத ஒரு சோடி காலுறையும் மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் எனக்குக் கொக்கி ஊசியால் பின்னும் குரோசே தெரியும், பின்னலூசியைப் பிடிக்கத் தெரியாது. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டிலிருந்த ஸ்கொட்லாந்துக்காரப் பாட்டிதான் பனிக்கால மாலைகளில் எனக்குப் பின்னக் கற்றுத் தந்தார். அவர் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தது ஸ்கொட்லாந்தின் வடக்கே உள்ள ஷெட்லண்ட் தீவுகளின் சதுரச் சால்வை. மோதிரத்துக்குள் இழுத்து எடுக்கலாம் என்று பெயர்பெற்ற, சிலந்தி நூல் போன்ற மெல்லிய சால்வைகளும் அதே தீவுகளிலிருந்துதான் வந்தன. குறிப்பாக வடக்கோரத்தில் உள்ள அன்ஸ்ட் தீவுப் பெண்கள் அதில் கைதேர்ந்தவர்கள். நான் எடுத்துக்கொண்டது அதைவிடத் தடித்த நூலில் வீட்டுப் பாவனைக்காகப் பின்னும் எளிய வகை. இருந்தும் எனக்கு அது பெரிய வேலைதான்.

இந்தச் சால்வைக்கு மூன்று பகுதிகள். நடுவில் ஒரு சதுரம். அதை ஒரு மூலையில் இரண்டு கண்ணியுடன், அதாவது ஊசியில் நிற்கும் இரண்டு நூல் வளையத்துடன் தொடங்கி, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றி ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் முக்கோணமாக விரியும். 180 கண்ணி வந்ததும் அதேபோல ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு எதிர்மூலைக்குப் போய் முடிக்கவேண்டும். அப்போது நான்கு விளிம்புகளிலும் பக்கத்துக்குத் தொண்ணூறு வளையங்கள் நிற்கும். அந்த 360 வளையங்களையும் இரு முனைகளையும் வளையும் கம்பி இணைக்கும் நீளமான வட்ட ஊசியில் கோத்தெடுத்து, அலை அலையான வேலைப்பாட்டில் சுற்றிச் சுற்றிப் பின்னுவது இரண்டாவது பகுதியான கரை. கடைசியில், கரையின் கண்ணிகளைச் சிறிது சிறிதாக விழுங்கிக்கொண்டு குறுக்காகப் பின்னிச் செல்லும் பல்வரிசை.

நூல் வாங்குமுன் அறுபது கண்ணி, அறுபது வரிசையில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, இழுத்துக் குத்திக் காயவிட்டேன். இரண்டு மாலைகள் அதற்கே போய்விட்டன. ஆனால் முழு வேலையிலும் எனக்கு அதிகம் உதவியது அந்தத் துண்டுதான். 3.25 மில்லிமீற்றர் ஊசியில் துணி இறுக்கமாக இருந்தது, 4 மில்லிமீற்றர் ஊசியில்தான் ஓட்டைகள் வாய்திறந்தன. சமையலறைத் தராசில் வைத்தபோது துண்டு 9 கிராம் இருந்தது. அதாவது 3,600 கண்ணிக்கு 9 கிராம். சால்வை முழுவதற்கும் ஏறக்குறைய 74,000 கண்ணிகள் என்று கணக்கிட்டிருந்ததால் 186 கிராம் தேவை என்று தெரிந்தது. 25 கிராம் பந்துகளாக எட்டு வாங்கினேன். எட்டிலும் சாயத் தொகுதி எண் ஒன்றேதானா என்று கடையிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். பால்வெள்ளையிலும் தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறும். அந்த வேறுபாடு கடையின் மின்விளக்கில் தெரியாது, பின்னி முடித்த பிறகுதான் கோடாகத் தெரியும்.

நாட்கணக்கில்தான் ஏமாந்தேன். ஒக்டோபர் 1 முதல் டிசெம்பர் 18 வரை 79 நாட்கள். கழுவிக் காயவைக்க ஐந்து நாட்களைக் கழித்தால், நாளுக்கு ஆயிரம் கண்ணி. மாதிரித் துண்டில் நிமிடத்துக்கு முப்பது கண்ணி வந்தது, ஆகவே நாளுக்கு முப்பத்தைந்து நிமிடம் போதும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். எல்லாக் கண்ணியும் ஒரே விலையல்ல என்பது மூன்றாவது வாரத்தில், கைபேசியில் நேரத்தை வைத்து ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் பின்னிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நடுச் சதுரத்தில் நிமிடத்துக்கு 32 கண்ணி போகிறது. அலைக் கரையில் 20தான். பல்வரிசையில், பத்துப் பன்னிரண்டு கண்ணிக்கொரு தடவை முழுச் சால்வையையும் மடியில் திருப்பவேண்டியிருப்பதால், 12க்கு மேல் நகரவில்லை. இதன்படி நடுச் சதுரத்தின் 32,000 கண்ணிக்கு 17 மணித்தியாலம் என்றால், பல்வரிசையின் 13,000 கண்ணிக்கு 18 மணித்தியாலம். “இனி ஓரம்தானே” என்று நான் அலட்சியமாக நினைத்திருந்த பகுதிதான் நடுவைவிட அதிக நேரம் கேட்டது. நாள் குறித்துப் பின்னத் தொடங்குகிறவர்கள் வரிசையையோ அங்குலத்தையோ எண்ணாமல், ஒவ்வொரு பகுதியிலும் பத்து நிமிடம் பின்னிப் பார்த்து, அந்த வேகத்தால் கண்ணிகளை வகுத்துக்கொண்டால் இப்படி ஏமாறவேண்டி வராது.

நடுச் சதுரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொலைக்காட்சி பார்த்தபடியே பின்னலாம். வரிசைத் தொடக்கத்துச் சுற்றை இரண்டு இடங்களில் மறந்திருந்தேன். வளையங்களைக் கோக்கும்போது ஒரு பக்கத்தில் 88தான் இருந்தன. இடைவெளி தெரியாத இரண்டு இடங்களில் நூலைத் தூக்கிக் கணக்கைச் சரிசெய்தேன். ஒக்டோபர் 27இல் அந்தப் பகுதி முடிந்தது.

அலைக் கரையில் ஓர் அலைக்குப் பதினெட்டுக் கண்ணிகள். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று தடவை குறைத்து, நூலைச் சுற்றி ஒரு கண்ணி என்று ஆறு தடவை கூட்டி, மறுபடி மூன்று தடவை குறைப்பது. ஆறு கூட்டல், ஆறு குறைத்தல், பதினெட்டு பதினெட்டாகவே இருக்கும். நான்கு சுற்றுகளுக்கு ஒரு சுற்றில் மட்டுமே இந்த வேலை, மற்றவற்றில் மூலைகளில் கூட்டுவதைத் தவிர யோசிக்க ஒன்றுமில்லை. இவ்வளவு எளிதான கணக்கைக் கண்டு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஓர் அலை முடியும் இடத்தைக் காட்ட ஊசியில் மாட்டும் அடையாள வளையத்தை அலைக்கு அலை போடாமல் நான்கு மூலைகளில் மட்டும் போட்டேன். காப்பு நூலும் போடவில்லை. காப்பு நூல் என்பது, ஊசியில் இருக்கும் அத்தனை கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற வழுவழுப்பான பருத்தி நூலைக் கோத்து விட்டுவிடுவது. பிறகு எவ்வளவு அவிழ்த்தாலும் பின்னல் அந்த நூலுக்குக் கீழே இறங்காது. நானூறு கண்ணிக்குள் அதைக் கோக்க இருபது நிமிடம் செல்லும். நாளோடு ஓடிக்கொண்டிருந்த எனக்கு அந்த இருபது நிமிடம் வீணாகத் தோன்றியது.

நவம்பர் 9ஆம் திகதி இரவு, இருபத்தோராம் சுற்றின் நடுவில், அக்காவின் தொலைபேசி வந்தது. பிள்ளை ஒன்பது நாள் முந்திப் பிறந்துவிட்டாள். சந்தோஷத்தில் அழுது, ஊருக்கும் இலண்டனுக்கும் செய்தி சொல்லி, மறுபடி ஊசியைக் கையில் எடுத்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. முப்பத்தொன்று இப்போது டிசெம்பர் 9 ஆகிவிட்டது என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சுற்றை அன்றிரவே முடித்தேன். அங்கே ஓர் அலையில் ஒரு நூற்சுற்றை விட்டுவிட்டேன்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இருபத்தைந்தாம் சுற்றில் அந்த மூலைக்கு வந்தபோது ஒரு கண்ணி குறைந்தது. எங்கோ விட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு, மூலையில் ஒன்றைக் கூட்டிப் போட்டுவிட்டுப் போனேன். பிழை செய்தது தெரியாமல்தான், ஆனால் மூலையில் அதை மூடி மறைத்தது தெரிந்தேதான். நவம்பர் 14 காலை, முப்பத்தோராம் சுற்றில், யன்னல் வெளிச்சத்தில் சால்வையை விரித்தபோது மூலைக்கு முந்திய அலை ஒன்று மட்டும் காற்றில் சாய்ந்த வேலி மாதிரி ஒரு பக்கம் சரிந்து நின்றது.

அவிழ்ப்பதென்றால் பதினொரு சுற்றுகள், கிட்டத்தட்ட 5,000 கண்ணிகள். அதோடு காப்பு நூல் இல்லாமல் நானூற்றுச் சொச்சம் கண்ணிகளை வெறும் கையால் பிடித்து ஊசியில் ஏற்றவேண்டும். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. பிழை ஒரே அலைக்குள் அடங்கியிருந்ததால் அந்த அலையை மட்டும் இறக்குவது என்று முடிவு செய்தேன். சால்வையைத் தலையணையில் விரித்து, அலையின் இரு பக்கத்திலும் குண்டூசி குத்தினேன். நடுவிலிருந்த பதினெட்டுக் கண்ணிகளை ஊசியிலிருந்து விட்டு, ஒவ்வொரு சுற்றாக உருவினேன். பதினொரு நூல்கள் ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக, நெளிநெளியாகக் கிடந்தன. கீழே பிழையில்லாத இருபதாம் சுற்றின் கண்ணிகளைச் சிறிய இருமுனை ஊசியில் ஏற்றி, ஆக அடியிலிருந்த படியை எடுத்து அதால் ஒரு சுற்றுப் பின்னினேன், பிறகு அடுத்த படி. அந்தந்தச் சுற்றுக்கு அந்தந்தப் படியின் நூல் மட்டுமே உண்டு. இறுக்கிப் பின்னினால் கடைசியில் நூல் மிஞ்சித் தொங்கும், தளர்த்தினால் முடிவதற்குள் தீர்ந்துவிடும். இடையில் ஒருமுறை படிகளை மாறி எடுத்து மறுபடி உருவினேன். மூன்று மணித்தியாலம் ஆனது. நேரக் கணக்கில் பார்த்தால், எல்லாவற்றையும் அவிழ்த்துப் பின்னுவதிலிருந்து மிச்சமானது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். பயம்தான் நிறைய மிச்சம். மூலையில் கள்ளமாகச் சேர்த்த கண்ணியையும் அதே மூச்சில் இறக்கினேன்.

அன்றிரவே மென்பானம் உறிஞ்சும் குழாயை அரை சென்ரிமீற்றர் வளையங்களாக வெட்டி அலைக்கொன்றாகப் போட்டேன். காப்பு நூலும் கோத்தேன். கோக்கும்போது அடையாள வளையங்களுக்குள்ளும் நூல் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். போய்விட்டால் வளையங்களை நகர்த்த முடியாமல் வெட்டித்தான் எடுக்க நேரும்.

பிறகு மறுபடி கணக்குப் பார்த்தேன். டிசெம்பர் 6 இரவுக்குள் முடிந்தால்தான் கழுவிக் காய்ந்து 9ஆம் திகதிக்குத் தயாராகும். மிஞ்சியவை 22 நாட்கள், மிஞ்சிய வேலை 31 மணித்தியாலத்துக்கு மேல். நாளுக்கு 85 நிமிடம் வேண்டும். வேலைக்குப் போய் வந்து சமைத்து முடித்த பிறகு எனக்கு அது கட்டாது. வலது மணிக்கட்டும் நோகத் தொடங்கியிருந்தது. ஆகவே அறுபது சுற்றாகத் திட்டமிட்ட கரையை நாற்பத்தெட்டாகக் குறைத்தேன். வெளிப்புறச் சுற்றுகள்தான் நீளமானவை என்பதால் இந்தப் பன்னிரண்டு சுற்றுகளிலேயே ஏறக்குறைய 7,000 கண்ணிகள் போயின. மூலைகளில் கூட்டவேண்டிய 48 கண்ணிகளும் இல்லாமற்போனதால் பல்வரிசையிலும் ஆயிரம் குறைந்தது. நாளுக்கு அறுபத்தைந்து நிமிடம் என்றானது. 140 சென்ரிமீற்றராக வரவேண்டிய சால்வை 130ஆக வரும், அவ்வளவுதான். யாருக்கும் சொல்லாமல் தொடங்கியதன் பலனை அப்போதுதான் அனுபவித்தேன். முன்கூட்டியே படம் காட்டிப் பெருமை பேசியிருந்தால் இந்தக் கத்தரிக்கோலை இவ்வளவு லேசாக எடுத்திருக்க மாட்டேன். லேஸ் வேலையில் எங்கே குறைக்கலாம் என்பதைத் தொடங்குமுன்பே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நடுவைக் குறைத்தால் எல்லாக் கணக்கும் குலையும், கரையில் நான்கு நான்கு சுற்றுகளாகக் குறைத்தால் பார்ப்பவருக்குத் தெரியாது.

நாளை நானே குறித்து, நானே அளவையும் குறைத்துக்கொள்ள முடிந்தது எவ்வளவு பெரிய வசதி என்பதையும் அந்த நாட்களில் அடிக்கடி நினைத்தேன். ஷெட்லண்ட் பெண்களுக்கு இது பொழுதுபோக்கல்ல. முதுகுக் கூடையில் எரிப்பதற்கான கரிமண் கட்டிகளைச் சுமந்து நடக்கும்போதும் கை பின்னிக்கொண்டிருக்கும். இடுப்பில் கட்டிய, உள்ளே அடைப்பு வைத்துத் தைத்த தோற்பட்டையின் துளையில் ஒரு ஊசியை ஊன்றிவிட்டால் அந்தக் கை பாரம் தாங்கவேண்டியதில்லை. இப்படிப் பின்னிய சால்வைக்கு வியாபாரிகள் பணம் கொடுக்காமல் தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். அந்த முறையைப் பற்றி 1872இல் ஓர் அரச ஆணைக்குழு தீவுகளுக்கே போய் விசாரித்தது. அவர்களுடைய தோற்பட்டை என்னிடம் இல்லை. ஆனாலும் ஒரு கை தாங்கினால் மறு கை ஓடும் என்ற அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, மடியில் ஒரு தலையணையை வைத்து வலது ஊசியை அதில் சாய்த்துப் பின்னினேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை வைத்துவிட்டு எழுந்தேன். மணிக்கட்டு வலி ஒரு வாரத்தில் அடங்கியது.

பல்வரிசை நவம்பர் 22இல் தொடங்கியது. கரையின் 552 கண்ணிகளும் ஊசியில் உயிரோடு நிற்கின்றன. ஓரத்தில் சில கண்ணிகளைப் புதிதாக ஏற்றி, குறுக்கே போய்வந்து, திரும்பும் ஒவ்வொரு தடவையும் கடைசிக் கண்ணியைக் கரையின் ஒரு கண்ணியோடு சேர்த்துப் பின்னவேண்டும். ஒரு பல்லுக்குப் பன்னிரண்டு வரிசை, அது கரையில் ஆறு கண்ணியை விழுங்கும். ஆகவே 92 பற்கள். மூலைகளில் ஒரே கண்ணியில் இரண்டு தடவை சேர்த்து, மூலைக்கொரு பல் கூடுதலாகப் போட்டேன். இல்லாவிட்டால் மூலை விரியாமல் கிண்ணம்போலக் குவிந்துவிடும். மொத்தம் 96. ஒரு பல்லுக்குப் பதினொரு நிமிடம். இப்படி ஒவ்வொன்றும் முழுமையாக முடியும் சிறு துண்டுகளாக வேலை அமைந்தது எனக்கு உதவியாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் நாளுக்கு ஏழு கோடுகள் கிழித்தேன். ஏழு முடியாத நாட்களும் இருந்தன, ஒரு சனிக்கிழமை பதினைந்து முடிந்தது. களைத்த கண்ணுடன் எட்டாவது பல்லைத் தொடுவதில்லை என்று விதி வைத்துக்கொண்டேன். அந்த விதியை மீறிய ஒரே இரவில் போட்ட பல்லை மறுநாள் அவிழ்த்தேன்.

டிசெம்பர் 6 இரவு பதினொன்றரைக்குக் கடைசிப் பல்லை முதற்பல்லோடு இணைத்தேன். ஊசியிலிருந்து இறங்கியபோது அது பழைய புடவைத் துண்டைக் கசக்கி எறிந்தது போலத்தான் இருந்தது. ஒரு பக்கம் 95 சென்ரிமீற்றர்கூட வரவில்லை. லேஸ் பின்னல் நனைத்து இழுக்கும்வரை தன் முகத்தைக் காட்டாது. இதை அறியாமல் மனம் நொந்து கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

மறுநாள் மாலை இளஞ்சூட்டு நீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டேன். முறுக்கிப் பிழியாமல், தேங்காய்ப்பூத் துவாயில் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று நீரை எடுத்தேன். ஷெட்லண்டில் இதற்கென்று பெரிய மரச்சட்டங்கள் உண்டு, பற்களை நூலால் சட்டத்தோடு கட்டி இழுத்துக் காயவிடுவார்கள். என் வீட்டில் பிள்ளைகள் விளையாடும் நுரை விரிப்புகளைத் தரையில் சேர்த்துப் போட்டு, மேலே படுக்கை விரிப்பை விரித்தேன். துருப்பிடிக்காத குண்டூசிகள்தான் வேண்டும். துருக்கறை வெள்ளைக் கம்பளியில் ஏறினால் போகாது. முதலில் நான்கு மூலைகள், பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடு, அதற்குப் பிறகே பற்கள். ஒரு மூலையிலிருந்து வரிசையாகக் குத்திக்கொண்டு போனால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். மகன் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இந்தப் பக்கம் ரெண்டு சென்ரிமீற்றர் கூட,” என்று சொல்லச் சொல்ல, முழங்காலில் தவழ்ந்து 96 ஊசிகளையும் குத்தி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் சென்றது. 131 சென்ரிமீற்றர் வந்தது. கணப்பு ஓடும் பனிக்கால வீட்டில் காற்று வறண்டிருப்பதால் அடுத்த நாள் மதியமே காய்ந்துவிட்டது. ஆனாலும் இரவுவரை ஊசிகளை எடுக்கவில்லை. சிறிது ஈரம் இருந்தாலும் எடுத்தவுடன் சுருங்கிவிடும். நூல் முனைகளை உள்ளே கோத்து மறைத்தபோதிலும், இழுத்துக் காய்ந்த பிறகுதான் மிச்சத்தை வெட்டினேன்.

முப்பத்தொன்று அன்று பிள்ளையைப் பருத்தித் துணியில் சுற்றி, அதற்கு மேலேதான் சால்வையைச் சுற்றினோம். இது ஒரு முக்கியமான காரியம். சின்ன விரல்கள் லேஸ் ஓட்டைகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், ஆகையால் தனியாகத் தூங்கவிடும்போது இதைப் போர்த்தக் கூடாது என்று பெறாமகளிடம் சொல்லியே கொடுத்தேன். அக்கா மூலையொன்றை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, “இதுக்கோடி இவ்வளவு நாளும் ரெலிபோன் எடுக்கேல்லை?” என்று கேட்டாள். சரிந்துபோன அலை எந்த மூலைக்குப் பக்கத்தில் இருந்தது என்று நானே தேடிப் பார்த்தேன். இரண்டு மூலைகளில் சந்தேகம் வந்தது.

சால்வையோடு ஒரு சிறிய பையும் கொடுத்தேன். அதற்குள் மிஞ்சிய 23 கிராம் நூலும், ஒரு குரோசே ஊசியும், ஒரு தாளும் இருந்தன. சலவை இயந்திரத்தில் போடவேண்டாம், சுடுநீர் பட்டால் திரண்டு கம்பளிக் கட்டியாகிவிடும் என்றும், மடிப்பை மாற்றி மாற்றி வைக்கும்படியும், எங்காவது நூல் அறுந்தால் இழுக்காமல் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு என்னைக் கூப்பிடும்படியும் அந்தத் தாளில் எழுதியிருந்தேன்.